‘என்னுடைய கோப்பு’ என்பதில் வரும் ‘நான்’ யார்?

எமது பத்திரிகைகளில் உடல்நலம் பற்றி எழுதப்படுவது குறைவு. எழுதப்பட்டால் அது சித்திரவதையின் வடுக்கள் பற்றியதாக அல்லது போருக்குப் பின்னான மனநெருக்கடி பற்றியதாக இருக்கும். அவை எழுதப்படத்தான் வேண்டும். ஆனால் சலரோகம், பிறெசர், சிறுநீரகம், நாரிப்பிடிப்பு என்று எம்மவரின் உடல்களை நாளாந்தம் தின்றுகொண்டிருக்கும் வருத்தங்களைப் பற்றியும், அவற்றை எவர் எங்கே எழுதிவைத்துக்கொள்கிறார் என்பது பற்றியும் எமது அறிவுஜீவிகள் பேசி நான் கண்டதில்லை. ஐரோப்பாவில் இருக்கும் நண்பர்களுக்கு இக்கேள்வி இப்போது வீட்டுவாசலுக்கே வந்துவிட்டது. ஜேர்மனியில் 2025 ஜனவரி தொடக்கம், மறுப்புத் தெரிவிக்காத ஒவ்வொரு அரச காப்புறுதிக்காரருக்கும் ஓர் இலத்திரனியல் நோயாளர் கோப்பு தானாகவே திறக்கப்படுகிறது. சுவிற்சர்லாந்தில் இதற்கான சட்டம் 2017 இல் இருந்து நடைமுறையில் இருக்கிறது. சுவீடனின் உப்சாலாப் பிராந்தியம் 2012 இலேயே நோயாளர் தம் கோப்பை இணையத்தில் தாமே வாசிக்க வழிவிட்டது. அங்கெல்லாம் யார் இக்கோப்பைத் திறக்கிறார்கள், யார் திறப்பதில்லை என்று ஆய்வுகள் வந்தவண்ணம் இருக்கின்றன.

அந்த ஆய்வுகளின் முடிவு ஏறத்தாழ ஒன்றுதான். அமெரிக்காவில் கறுப்பினத்தவரும் ஸ்பானிய மொழி பேசுவோரும், பொதுவில் வருமானமும் படிப்பும் குறைந்தோரும் முதியோரும் தமது இலத்திரனியல் கோப்பைக் குறைவாகவே பயன்படுத்துகிறார்கள். ஆகவே அவர்களுக்குப் பயிற்சி கொடு, எளிய மொழியில் எழுது, மலிவான இணையம் கொடு என்பது பரிந்துரை. இதில் பிழை இல்லை. ஆனால் இது முழு உண்மையும் அல்ல என்பதைத்தான் இங்கு சொல்ல விரும்புகிறேன். நாட்டில் பொருளியல் படிப்பித்த நான் இன்று ஷார்ஜாவில் அலுமினியச் சட்டம் வெட்டும் தொழிற்சாலையொன்றில் வேலை செய்கிறேன். ஆங்கிலம் வாசிப்பேன். என்னிடம் நல்ல கைத்தொலைபேசி இருக்கிறது. கிரியற்றினின் என்றால் என்னவென்றும் தெரியும். மேற்படி ஆய்வுகளின் அட்டவணைப்படி நான் என் கோப்பைத் திறக்கிறவர்களின் நிரலில் வரவேண்டியவன். திறப்பதில்லை. என்னுடன் ஒரே அறையில் படுக்கும் ஏழு பேரில் ஒருவர்கூடத் திறப்பதில்லை. எங்களை அறியாமையால் விளக்கிவிட முடியாது.

ஒரு விடயத்தை முதலில் தெளிவாக்கிக்கொள்ள வேண்டும். இச்சஞ்சிகை அகதிகளின் சஞ்சிகை. நானோ அகதி என்ற சொல்லுக்குச் சட்டத்தில் இடமில்லாத ஒரு நிலப்பரப்பிலிருந்து எழுதுகிறேன். வளைகுடாவின் ஆறு அரசுகளில் ஒன்றுகூட 1951 ஆம் ஆண்டின் அகதிகள் சமவாயத்தில் இணையவில்லை. ஊரை விட்டு ஓடிவந்தவனும் கடன் அடைக்க வந்தவனும் இங்கு ஒரே பெயரில்தான் இருக்கிறோம்: தொழிலாளி. விசா இருக்கும்வரை ஆள். விசா முடிந்தால் ஆளில்லை. நோயாளர் கோப்பு பற்றிய எந்தப் பேச்சும் இங்கு இந்த நிலத்தில் நின்றுதான் தொடங்க முடியும்.

ஒரு நூலை விமர்சிப்பதுபோல இந்தக் கோப்புகளையும் வாசித்துப் பார்க்கலாம். பெயர்களில் இருந்தே தொடங்குவோம். அபுதாபியில் 2019 இல் தொடங்கப்பட்ட தகவற் பரிமாற்ற முறைக்கு ‘மலஃபி’ என்று பெயர். அரபில் ‘என் கோப்பு’ என்று பொருள். அவ்வெமிரேட்டின் வைத்தியசாலைகளைச் சில வருடங்களுக்குள் அது ஒன்றாகப் பிணைத்துவிட்டது. சமஷ்டி அரசின் முறைக்குப் பெயர் ‘ரிஆயத்தி’, அதாவது ‘என் பராமரிப்பு’. சவூதி சுகாதார அமைச்சின் செயலி ‘சிஹ்ஹத்தி’, அதாவது ‘என் சுகம்’. டுபாயின் ‘நபித்’ மட்டும் நாடித்துடிப்பு என்ற பொதுப்பெயரோடு நிற்கிறது. அரபுச் சொல்லின் ஈற்றில் ஒட்டும் ஓர் ‘ஈ’தான் ‘என்’ என்ற உடைமையைக் குறிப்பது. எனக்குத் தெரிந்த சொற்ப அரபில் முதலில் கற்ற இலக்கணம் அது. ஒரு பிராந்தியம் முழுவதும் இந்த உடைமை விகுதியைத் தன் சுகாதார முறைகளின் நெற்றியில் ஒட்டிவைத்திருக்கிறது. அந்த ‘நான்’ யார்? அமீரகத்தின் சனத்தொகையில் பத்தில் ஒன்பது பேரளவில் வெளிநாட்டவர். அந்த ஒன்பது பேரும் இந்த ‘என்’ இற்குள் வருகிறார்களா? மலஃபி முதலில் வைத்தியர்களுக்காகத் திறந்தது. நோயாளர் பார்க்கும் செயலி பின்னர்தான் வந்தது. ‘என் கோப்பு’ என்று பெயர்வைத்த கோப்பை அந்த ‘நான்’ கடைசியாகவே பார்க்க முடிந்தது.

அதற்கும் முன்னால், ஒரு தொழிலாளியின் வாழ்க்கையில் திறக்கப்படும் முதல் இலத்திரனியல் மருத்துவக் கோப்பு இவை எதுவுமல்ல. அது அவன் ஊரிலேயே திறக்கப்படுகிறது. வளைகுடாவுக்குப் போகிறவர்களைப் பரிசோதிக்கும் அங்கீகரிக்கப்பட்ட நிலையங்களை எம்மவர் இன்னும் ‘காம்கா’ என்றுதான் சொல்வார்கள். இப்போது அந்த முறையின் பெயர் ‘வாஃபித்’, வந்தேறுபவர் என்று பொருள். இங்கே ‘என்’ இல்லை, கவனியுங்கள். கொழும்பில் இரத்தம் எடுத்து, நெஞ்சுப் படம் பிடித்து, எச்.ஐ.வி., காசநோய், ஈரல் அழற்சி, சிபிலிசு, பெண்ணென்றால் கர்ப்பம் என்று பார்த்து, முடிவைக் கணினியில் ஒரே சொல்லில் பதிகிறார்கள்: தகுதியுள்ளவர் அல்லது தகுதியற்றவர். தகுதியற்றவருக்கு ஏன், எந்த அளவில், என்ன மருந்து என்று எவரும் உட்கார்த்திச் சொல்வது அபூர்வம். வந்திறங்கியபின் மறுபடி இரத்தம், மறுபடி நெஞ்சுப் படம். அமீரகத்தில் 2016 இல் ஒரு தளர்வு வந்தது. ஏற்கனவே வதிபவருக்கு விசா புதுப்பிக்கும்போது காசநோய் கண்டால் சிகிச்சை பெற்றுக்கொண்டு இருக்க வழி செய்யப்பட்டது. எச்.ஐ.விக்கு அதுவும் இல்லை. வீட்டுப் பணிப்பெண்ணுக்கும் சிகையலங்கார நிலையத்தில் வேலை செய்பவருக்கும் ஈரல் அழற்சி ‘பி’ சோதனை மேலதிகமாக உண்டு. பணிப்பெண் கர்ப்பமில்லாதவள் என்றும் நிரூபிக்க வேண்டும்.

ஆக, எங்களுக்குக் கணினியில் உள்ள மருத்துவக் கோப்பு என்றால் இதுதான் என்று உடம்பு கற்றுக்கொண்டுவிட்டது. அது சிகிச்சைக்கானதல்ல, வடிகட்டுவதற்கானது. இதை அனுபவித்தவனிடம் போய், “இதோ இன்னொரு கோப்பு, இது உனது நன்மைக்கு” என்றால் அவன் என்ன நினைப்பான்? எங்கள் அறையில் இருக்கும் கல்முனைப் பக்கத்துப் பொடியன் ஒருவனுக்கு முகாமின் கிளினிக்கில் சீனி கூட என்று சொன்னார்கள். டுபாய்க்குப் போய் ஒழுங்காகப் பரிசோதித்து, செயலியில் முடிவைப் பார் என்றேன். “சேர், நான் அதைத் திறந்தா எனக்கும் தெரிஞ்சிரும், அவங்களுக்கும் தெரிஞ்சிரும். இப்ப எங்க ரெண்டு பேருக்கும் தெரியாது. அப்படியே இருக்கட்டும், விசா அடிச்சு முடியட்டும்” என்றான். சலரோகத்துக்காக விசாவை நிறுத்தும் விதி எதுவும் இல்லை என்று விளங்கப்படுத்தினேன். விதியைப் பற்றியல்ல, மனேஜரைப் பற்றித்தான் தான் யோசிப்பதாகச் சொன்னான். அவன் ஒன்பதாம் வகுப்பு. ஆனால் அவன் சொன்னதில் ஓர் அரசியல் பொருளாதாரம் இருக்கிறது. தகவல் சமமற்ற இருவருக்கிடையே ஒரே நேரத்தில் திறக்கப்படுமானால் அது பலவீனமானவனுக்கு எதிராகவே வேலை செய்யும் என்று அவன் கணக்கிட்டிருக்கிறான். இதைப் ‘பயன்பாட்டுக் குறைவு’ என்று அட்டவணையில் போடுவது அவனது தீர்ப்பை அவனது குறைபாடாக்குவதாகும்.

அவன் பயம் கற்பனையுமல்ல. அமீரகத்தில் இச்செயலிகளுக்குள் போகும் பொதுவழி ‘யூஏஈ பாஸ்’ என்ற அரச அடையாளம். அதற்கு எமிரேட்ஸ் அடையாள அட்டை, முகப்பதிவு, சொந்தக் கைத்தொலைபேசி இலக்கம் எல்லாம் வேண்டும். நான் முன்பு இருந்த ஒரு கொம்பனியில் எங்களது மருத்துவப் பரிசோதனைப் படிவங்களையும் காப்புறுதிப் படிவங்களையும் நிரப்பியவர் பி.ஆர்.ஓ. என்று சொல்லப்படும் அலுவலகக்காரர். நாற்பது பேருக்கும் ஒரே தொலைபேசி இலக்கம், அவருடையது. வேகமாக வேலை முடியவேண்டும் என்பதைத் தவிர அதில் அவருக்கு வேறு நோக்கம் இருக்கவில்லை என்றே நினைக்கிறேன். ஆனால் ஓ.டி.பி. இலக்கம் போனதும், ‘உங்கள் பரிசோதனை முடிவு தயார்’ என்ற குறுஞ்செய்தி போனதும் அவருக்குத்தான். நாற்பது பேரின் ‘என்’ ஒருவரின் சட்டைப்பையில் இருந்தது.

மொழியைப் பற்றி. நான் பார்த்த செயலிகளில் அரபும் ஆங்கிலமும்தான். வளம் போதாது, இத்தனை மொழிக்கு எங்கே போவது என்று இதற்குச் சமாதானம் சொல்வார்கள். அதே டுபாயில் சாரதி அனுமதிக்கான அறிவுப் பரீட்சையைத் தமிழிலும் எழுதலாம்; மலையாளத்திலும் வங்காளத்திலும் எழுதலாம். 2019 இல் அபுதாபி நீதித்துறை தொழில் வழக்குகளுக்கான படிவங்களில் அரபு, ஆங்கிலத்துடன் ஹிந்தியையும் சேர்த்தது. ஆகவே முடியாது என்பதல்ல பிரச்சினை. லொறி ஓட்டுகிறவன் குறியீட்டை விளங்காவிட்டால் தெருவில் மற்றவனும் சாவான். தன் இரத்த அறிக்கையில் சிவப்பு எழுத்தில் வந்திருப்பதை விளங்காவிட்டால் அவன் மட்டும்தான் சாவான்.

இனி, கோப்பில் என்ன இருக்கிறது என்று பார்ப்போம். கோப்பு என்பது சிகிச்சையின் நிழல். சிகிச்சை இல்லாத இடத்தில் அதுவும் விழாது. அபுதாபி 2005 ஆம் ஆண்டுச் சட்டத்தினூடும் டுபாய் 2013 ஆம் ஆண்டுச் சட்டத்தினூடும் காப்புறுதியைக் கட்டாயமாக்கின. ஷார்ஜா, அஜ்மான், ராஸ் அல் கைமா போன்ற வட எமிரேட்டுகளில் தனியார் துறைத் தொழிலாளிக்கு அது கட்டாயமானது 2025 ஜனவரி 1 இல்தான். அடிப்படைத் திட்டத்தின் வருடக் கட்டணம் 320 திர்ஹம். அதற்கு முன் எத்தனையோ ஆயிரம் பேர் மருந்துக்கடைக்காரரிடம் நோயைச் சொல்லிக் குளிசை வாங்கிச் சமாளித்தார்கள். அந்த வருடங்கள் எந்தக் கோப்பிலும் இல்லை. இப்போதும் அடிப்படைத் திட்டம் கட்டாத பரிசோதனை எடுக்கப்படுவதில்லை, எடுக்கப்படாதது பதியப்படுவதில்லை. அதிகாரி ஒருவரின் கோப்பு நாவல் போல நீளும். எங்களுடையது தந்தி போல இருக்கும்: காய்ச்சல், பனடோல், இரண்டு நாள். இந்தத் தந்திகளை வைத்துப் புள்ளிவிபரம் தயாரிக்கிறவன் தொழிலாளிகள் திடகாத்திரமானவர்கள் என்ற முடிவுக்கே வருவான்.

குவைத்தில் 2013 இல் ஜஹ்ரா வைத்தியசாலையின் வெளிநோயாளர் பிரிவில் காலை நேரம் குவைத்தியருக்கு, மாலை நேரம் மற்றவருக்கு என்று பிரித்தார்கள். கட்டாரில் தனியாளாக வாழும் ஆண் தொழிலாளருக்கென்று செம்பிறைச் சங்கம் நடத்தும் தனி நிலையங்கள் உண்டு. 2018 இல் கைத்தொழிற் பகுதிக்கு அருகே தொழிலாளருக்கென்று ஒரு பெரிய வைத்தியசாலையும் திறக்கப்பட்டது. நவீன வைத்தியசாலைதான், குறை சொல்வதற்கில்லை. ஆனால் வாசல்கள் பிரிந்திருக்கும்போது கணினி ஒன்றாயிருப்பதில் என்ன சமத்துவம் இருக்கிறது?

பெண்களைப் பற்றி நான் தொலைவிலிருந்துதான் பேச முடியும். வீட்டுப் பணிப்பெண்ணின் கடவுச்சீட்டு எசமானியின் அலுமாரியில் இருக்கும் என்பது வாசகர்கள் அறிந்தது. பல வீடுகளில் தொலைபேசியும் இரவில் ஒரு மணி நேரம்தான் கைக்கு வரும். அந்த ஒரு மணி நேரத்தில் அவள் பிள்ளையோடு கதைப்பாளா, கோப்பைத் திறப்பாளா? 2018 இல் ‘கார்டியன்’ பத்திரிகை ஒரு செய்தி வெளியிட்டது. மத்திய கிழக்குக்குப் போகும் இலங்கைப் பெண்களுக்கு, போகுமுன் முகவர்கள் கருத்தடை ஊசி போடவைக்கிறார்கள் என்பது அது. எசமானுக்கு ‘உத்தரவாதம்’ கொடுப்பதற்காக. என்ன ஊசி என்றுகூடச் சில பெண்களுக்குத் தெரியாது. அவளுடைய உடலில் நடந்த அந்த முக்கிய மருத்துவச் செயல் எந்தக் கோப்பிலும் இருக்காது. அவள் கர்ப்பமா இல்லையா என்பது மட்டும் ஒவ்வொரு தடவையும் கவனமாகப் பதியப்படும்.

இவ்வளவும் வாசித்தபின் எமது நண்பர்கள் சிலர் பூக்கோவை எடுத்துக்கொண்டு வருவார்கள் என்று எனக்குத் தெரியும். 1963 இல் வெளியான ‘கிளினிக்கின் பிறப்பு’ தொடக்கம் மருத்துவப் பார்வையும் அதிகாரமும் பற்றி அவர் சொன்னதெல்லாம் இங்கு பொருந்தும்தான். உதாரணமும் கைவசம் இருக்கிறது. 2020 மே 22 இல் இருந்து கட்டாரில் ‘எஹ்தெராஸ்’ செயலி கட்டாயமாக்கப்பட்டது. தொலைபேசியில் பச்சை நிறம் காட்டாவிட்டால் கடைக்குள் போகமுடியாது. நான்கு நாட்களுக்குள் சர்வதேச மன்னிப்புச் சபை அதிலிருந்த ஓட்டையை அம்பலப்படுத்தியது: பத்து லட்சத்துக்கு மேற்பட்டவர்களின் பெயர், அடையாள இலக்கம், உடல்நிலை எல்லாம் வெளியே எடுக்கக்கூடியதாக இருந்தன. (ஓட்டை உடனே அடைக்கப்பட்டது.) அதே காலத்தில்தான் தோஹாவின் கைத்தொழிற் பகுதி தொழிலாளர்களுடன் பூட்டப்பட்டுக் கிடந்தது.

ஆனால் ‘கண்காணிப்பு’ என்ற சொல்லோடு வாதத்தை நிறுத்திவிடுவது பாரிசிலும் பேர்லினிலும் இருப்பவர்களுக்குக் கட்டும். ஜேர்மனியில் புதிய கோப்பு வந்தபோது, எச்.ஐ.வி. உள்ளவர்களின் விபரத்தை எல்லா வைத்தியரும் பார்க்கலாமா என்று எயிட்ஸ் உதவி அமைப்புகள் கேள்வி எழுப்பின; கேயாஸ் கணினிக் கழகம் 2024 டிசெம்பரில் அதன் பாதுகாப்பு ஓட்டைகளைப் பகிரங்க மேடையில் காட்டியது. விரும்பாதவர் மறுப்புக் கடிதம் போடலாம். அங்கே பயத்துக்கு அமைப்பு இருக்கிறது, முகவரி இருக்கிறது. அமீரகத்தில் தொழிற்சங்கமே கூடாது. இங்கே பயப்படுகிறவன் தன் நோயைத் தன்னிடமிருந்தே மறைப்பதைத் தவிர வேறெதுவும் செய்ய முடியாது. கோப்பை நிராகரிப்பது எமக்கு எதிர்ப்பு நடவடிக்கையாகாது. நட்டமும் எமக்குத்தான்.

ஏனென்றால் கோப்பு எமக்குத் தேவை. 2021 பெப்ரவரியில் ‘கார்டியன்’ வெளியிட்ட கணக்கின்படி, உலகக் கிண்ணம் கட்டாருக்கு வழங்கப்பட்டதிலிருந்து அதுவரை இந்தியா, பாகிஸ்தான், நேபாளம், வங்காளதேசம், இலங்கை ஆகிய ஐந்து நாடுகளைச் சேர்ந்த 6500 இற்கும் மேற்பட்டோர் அங்கு இறந்திருந்தார்கள். இந்திய, நேபாள, வங்காளதேசத் தொழிலாளர் மரணங்களில் 69 வீதம் ‘இயற்கை மரணம்’ என்று வகுக்கப்பட்டிருந்தன. 2022 இல் வெளியான ‘வைட்டல் சைன்ஸ்’ அறிக்கை, தெற்காசியாவிலும் தென்கிழக்காசியாவிலும் இருந்து வந்த தொழிலாளர்களில் வருடத்துக்குப் பத்தாயிரம் பேர்வரை வளைகுடாவில் இறக்கிறார்கள் என்றும், அரைவாசிக்கு மேற்பட்ட மரணங்களுக்கு உருப்படியான காரணம் எழுதப்படுவதில்லை என்றும் சொன்னது. ‘இருதயம் நின்றது’ என்று எழுதுவார்கள். செத்தவன் எல்லோருக்கும் இருதயம் நிற்கத்தான் செய்யும். முப்பத்திரண்டு வயதில் அது ஏன் நின்றது என்பதற்கு விடை, மூன்று கோடைகளில் அவன் தலைசுற்றி விழுந்து கிளினிக்குக்குப் போன நாட்களில் இருக்கலாம். வருடாவருடம் ஏறிய கிரியற்றினினில் இருக்கலாம். அமீரகத்தில் ஜூன் 15 தொடக்கம் செப்டெம்பர் 15 வரை பகல் 12.30 இல் இருந்து 3 மணிவரை வெயிலில் வேலை வாங்கக்கூடாது என்று விதி இருக்கிறது. (கூரைக்குக் கீழே சூளைக்குப் பக்கத்தில் நிற்பவனுக்கு அது பொருந்தாது.) அந்த விதி மீறப்பட்டதா என்பதற்குக் கோப்பைவிடச் சிறந்த சாட்சி எது? மன்னாரிலோ இராமநாதபுரத்திலோ இருக்கும் ஒரு விதவை நட்டஈடு கேட்டுப் போவதற்கு அதைவிட வேறு ஆவணம் எது?

அந்தக் கோப்பு இருக்கவே இருக்கிறது. அமீரகத்தின் 2019 ஆம் ஆண்டு 2 ஆம் இலக்கச் சமஷ்டிச் சட்டம், கடைசிச் சிகிச்சையிலிருந்து ஆகக் குறைந்தது 25 வருடங்களுக்கு மருத்துவத் தகவல்களைப் பேணவேண்டும் என்கிறது. அதே சட்டம் அத்தகவல்களை நாட்டுக்கு வெளியே அனுப்புவதைப் பொதுவில் தடுக்கிறது. 2021 இல் அமைச்சுத் தீர்மானம் ஒன்று சில விதிவிலக்குகளைத் தந்தது. தனியுரிமைக்கான சட்டம் என்றுதான் இதைப் போற்றுவார்கள். எம் நிலையில் நின்று வாசித்தால் வேறொன்று தெரிகிறது. தொழிலாளி விசா முடிந்து போய்விடுகிறான். அடையாள அட்டை செல்லாது. அதோடு கட்டப்பட்ட தொலைபேசி இலக்கமும் போய்விடுகிறது, ஓ.டி.பி. வருவதற்கு இடமில்லை. ஆள் ஊரில், கோப்பு இங்கே. திரும்பிப்போன எத்தனை பேர் ஊரில் இரத்தச் சுத்திகரிப்புக் கட்டிலில் கிடந்து, எப்போது தொடங்கியது என்று வைத்தியர் கேட்கும்போது விழிக்கிறார்கள்!

எமது நாட்டின் கிளினிக் கொப்பியை இங்கே நினைக்காமல் இருக்க முடியவில்லை. எண்பது பக்கக் கொப்பி, பொலித்தீன் உறை, வைத்தியரின் கோழிக்கிறுக்கல். அரச ஆஸ்பத்திரி அதை நோயாளியின் கையிலேயே கொடுத்துவிடும். 1995 இல் யாழ்ப்பாணத்தைவிட்டு வெளிக்கிட்டபோது காணி உறுதியோடும் பிறப்புப் பத்திரத்தோடும் அதையும் நெஞ்சில் அணைத்துக்கொண்டு நடந்த கிழவிகளை நான் கண்டிருக்கிறேன். கொப்பி நனைந்தால் போச்சு, தொலைந்தால் போச்சு. ஒரு ஆஸ்பத்திரியில் எழுதியது மற்ற ஆஸ்பத்திரிக்கு விளங்காது. அதை நான் இலட்சியமாகக் காட்டவில்லை. ஆனால் அதில் ‘என்’ என்ற விகுதி அச்சடிக்கப்பட்டிருக்கவில்லை, அது அவளுடையதாக இருந்தது. கணினியில் அதைச் செய்யமுடியாது என்பதற்குத் தொழில்நுட்பக் காரணம் எதுவும் இல்லை. புறப்படும் ஒவ்வொருவருக்கும் தன் கோப்பின் முழுப் பிரதியைக் கையில் கொடுப்பது, இறந்தவரின் கோப்பை உடலோடு குடும்பத்துக்கு அனுப்புவது, வேலைகொடுப்பவரின் தொலைபேசி இலக்கத்தை நோயாளியின் இலக்கமாகப் பதிய மறுப்பது என்பவை எல்லாம் ஒப்பந்தத்தில் எழுதக்கூடியவை. இலங்கை வெளிநாட்டு வேலைவாய்ப்புப் பணியகம் 1985 இல் இருந்து இருக்கிறது. வளைகுடா அரசுகளுடன் ஆட்களை அனுப்புவது பற்றி அது எத்தனையோ முறை பேசியிருக்கிறது. ஐரோப்பாவில் மனித உரிமை மாநாடுகளுக்குப் போய்வருகிற எம்மவர் இந்த மூன்று வரிகளைக் கையில் எடுத்துக்கொண்டு போகலாம்.

அதுவரைக்கும் முகாமில் எமக்கென்று ஒரு கோப்பு முறை நடந்துகொண்டுதான் இருக்கிறது. கிளினிக்கில் தரும் கடதாசியைக் கட்டிலில் விரித்துவைத்துத் தொலைபேசியில் படம் பிடித்து வட்ஸ்அப்பில் மனைவிக்கு அனுப்புவார்கள். மனைவி அதை ஊர் மருந்துக்கடைக்காரரிடம் காட்டுவாள். அவர் வாசித்துச் சொல்வதை அவள் குரற்பதிவாகத் திருப்பி அனுப்புவாள்: உப்பைக் குறையுங்கோ, தண்ணி நல்லாக் குடியுங்கோ, இது கிட்னிக்கான டெஸ்ட் எண்டு சொல்லுறார், இன்னொருக்காச் செய்து பாக்கச் சொல்லுறார். கல்முனைப் பொடியன் தன்னுடையதை இன்னும் அனுப்பவில்லை. மனைவிக்குத் தெரிந்தால் உடனே வரச்சொல்லிவிடுவாள், கடன் இன்னும் முடியவில்லை என்கிறான்.